இரண்டாம் ஞாயிறு: கேட்டவர்களுக்குப் பதில்

பினாங்கில் மத நம்பிக்கை இல்லாத சிலர் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு காலை கூடுகிறோம். நம்பிக்கை உள்ளவர்களும் இரண்டு பேர் வருகிறார்கள், சாப்பாட்டுக்காக என்று அவர்களே சொல்வார்கள். பதினொரு வருடமாகச் சாவி, சட்டி, பாய் எல்லாம் என் பொறுப்பு. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு மூட்டையே வந்துவிட்டது.

*ஜெலுத்தோங் வாசகர்: சாமி கும்பிடாதவர்கள் எதற்கு ஐயா கூட வேண்டும்? கும்பிடாமல் வீட்டிலேயே இருக்கலாமே?*

இருக்கலாம், வீட்டில் ஒரு சாவு விழும் வரை. என் நண்பர் ஒருவரின் அப்பா இறந்தபோது பத்து லான்சாங் சுடுகாட்டுக்குப் போக நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். அதே வாரம் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இறந்தார். கோயில் கமிட்டியிலிருந்து கூடாரம், நாற்காலி, காப்பித் தண்ணி எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கின. கோயிலை விட்டு வந்தவர்கள் சாமியை மட்டும் விட்டு வரவில்லை, நாற்காலி தூக்கும் ஆட்களையும் சேர்த்து விட்டுவிட்டோம். அன்றைக்குத்தான் இது உறைத்தது.

நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நியூயார்க்கில் ரப்பி ஒருவரின் மகனான ஃபீலிக்ஸ் ஆட்லர் 1876லேயே நன்னெறிக் கழகம் தொடங்கி, ஞாயிறு உரையோடு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். லண்டனில் 2013 ஜனவரியில் நகைச்சுவைக் கலைஞர்கள் இருவர், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தில் 'ஞாயிறு சபை' ஆரம்பித்தார்கள். பாட்டு, ஒரு பேச்சு, தேநீர். சட்டென்று பல நாடுகளுக்குப் பரவியது, அப்புறம் பல கிளைகள் மூடிவிட்டன. மாதாமாதம் மேடைக் கச்சேரி நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால்தான் நாங்கள் மேடையே போடுவதில்லை.

நம்மூர்க் கதையும் இருக்கிறது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தபோது கப்பலை விட்டு இறங்கியது இதே பினாங்கில்தான். 1954இல் மறுபடியும் வந்தார். நாங்கள் அந்தக் கொடியின் பிஞ்சு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எங்களில் பாதிப்பேர் அவர் எழுத்தைப் படித்ததில்லை.

*செந்தூல் வாசகி: கூட்டத்தில் என்னதான் செய்வீர்கள்?*

பத்து மணிக்குத் தேநீர். யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். தாதி ஒருவர் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் காலில் புண் வராமல் பார்ப்பது எப்படி என்று சொன்னார், ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர் கிரேன் பற்றிப் பேசினார். அப்புறம் யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்வோம். சாப்பாடு. பாத்திரம் கழுவுவது. கடவுள் இல்லை என்று நிரூபிக்கும் பேச்சு கிடையாது, அது முதல் வருடத்திலேயே அலுத்துவிட்டது.

ஒன்று மட்டும்: தேதியை மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் அடுத்த மாதம் பாதிப்பேர் வர மாட்டார்கள்.

*பிறை வாசகர்: சங்கமாகப் பதிய வேண்டுமா?*

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே 'சங்கம்', தற்காலிகமானாலும் சரி. சங்கப் பதிவிலாகாவில் கேளுங்கள், அல்லது வழக்கறிஞரிடம். நான் வக்கீல் இல்லை.

*பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ருக்குன் நெகாராவில் முதல் கோட்பாடே இறை நம்பிக்கைதானே. நாம் சட்டத்தை மீறுகிறோமா?*

அது 1970இல் அறிவித்த தேசியக் கோட்பாடு, தண்டனைச் சட்டமல்ல. பயம் வேண்டாம், வீறாப்பும் வேண்டாம்.

*அதே ஊர், வேறு வாசகர்: என் முஸ்லிம் நண்பரை அழைத்து வரலாமா?*

இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். 2017இல் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடி எடுத்த ஒரு படம் முகநூலில் பரவி, அதில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா என்று விசாரிப்போம் எனத் துணை அமைச்சர் அளவில் பேச்சு வந்தது. நமக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு ஷரியா சட்டம், குடும்பம், வேலை எல்லாம். வற்புறுத்தாதீர்கள். எங்கள் கூட்டத்தில் யாருக்காகவும் யாரும் படம் எடுப்பதில்லை. படம் எடுக்காதீர்கள்.

*பட்டர்வொர்த் வாசகி: தம்பிக்குச் சுயமரியாதைத் திருமணம் செய்ய ஆசை. மாலை மாற்றினால் போதுமா, அண்ணே?*

போதாதம்மா. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற 1967 சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். இங்கே முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. தேசியப் பதிவிலாகாவில் பதியுங்கள், சாட்சி இரண்டு பேர். மாலை, பேச்சு, விருந்து எல்லாம் அப்புறம் உங்கள் இஷ்டம். தம்பியிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

*ஆயர் ஈத்தாம் வாசகர்: போன பொங்கலுக்கு நீங்களும் பானை வைத்தீர்களாமே. சூரியனுக்குப் படையல் வைத்துவிட்டு நாத்திகம் பேசுவது எப்படி?*

படையல் வைக்கவில்லை. பானை வைத்தோம், பால் பொங்கியது, கத்தினோம், தின்றோம். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, எந்த மதத் தமிழரும் வந்து உட்காரக்கூடிய ஒரு நாளாகத்தான் அதை நினைத்தார். மலாயாவிலும் ஊர் ஊராக நடந்தது. அறுவடைக்கும் உழைப்புக்கும் நன்றி சொல்ல ஒரு நாள் எனக்கு வேண்டும்.

*அதே வாசகர்: மழுப்பாதீர்கள். யாரோ கற்பூரம் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.*

காட்டினார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா, எங்கள் உறுப்பினரின் அம்மா, எண்பது வயது. அவர் முற்றம், அவர் அடுப்பு, அவர் பானை. தட்டை வாங்கி ஒளித்து வைத்திருக்க வேண்டுமா?

*புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: ஆமாம், ஒளித்து வைத்திருக்க வேண்டும். இன்றைக்குக் கற்பூரம், நாளைக்குக் குத்துவிளக்கு, அடுத்து ஐயர்.*

ஐயருக்குத் தட்சிணை கொடுக்க எங்களிடம் காசு இல்லை.

*ஜார்ஜ் டவுன் வாசகி: நான் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் சபையிலும் பொங்கல் வைப்பார்கள். அதை விட்டு வந்த எனக்கு இந்தப் பொங்கல்தான் மிச்சம். அதையும் பிடுங்காதீர்கள்.*

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், இவர் நன்றாகச் சொல்லிவிட்டார்.

*ஆயர் ஈத்தாம் வாசகர், மறுபடியும்: உணர்ச்சி வேறு, கொள்கை வேறு.*

சரி ஐயா, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கற்பூரம் ஏற்றியபோது எங்கள் ஆட்கள் பாதிப்பேர் பழக்கதோஷத்தில் கை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், நான் உட்பட. அதை என்னவென்று சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதற்காகப் பெரியம்மா கையிலிருந்து தட்டைப் பிடுங்க மாட்டேன். இன்னொன்று, முதல் வருடம் இதே விவாதத்தை அடுப்பு முன்னால் நின்று நடத்தினோம். பானை அடிப்பிடித்துவிட்டது.

*ஏழு பேர், ஒரே கேள்வி: எங்கள் ஊரில் இப்படிக் கூட்டம் எங்கே நடக்கிறது?*

நீங்கள் ஆரம்பிக்கும் இடத்தில். மூன்று பேர், ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), மாறாத தேதி. சாவியை ஒரே ஆளிடம் விடாதீர்கள். எனக்குப் போன வருடம் முதுகு பிடித்தபோது இரண்டு மாதம் கூட்டமே நின்றுபோனது.

*எட்டாவது ஆள், அதே கேள்வி.*

மேலே பார்க்கவும்.

*கோலாலம்பூர் வாசகர்: கடவுள் உண்டா இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கள்.*

வேறு நாள், வேறு ஆள்.

*செராஸ் வாசகி: சடங்கு இல்லாமல் உடலை என்ன செய்வது? அப்பா கேட்கிறார்.*

இது நல்ல கேள்வி. அப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. மின்சுடலையில் சடங்கு கட்டாயமில்லை. நாலு பேர் அவரைப் பற்றிப் பேசினால் போதும். உடலை மருத்துவப் படிப்புக்குத் தர விரும்பினால், மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் 'சைலண்ட் மென்டர்' திட்டம் நடக்கிறது. மாணவர்கள் அந்தக் குடும்பத்தைச் சந்தித்து, அவர் யார், என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள். விருப்பத்தை எழுதி வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வைத்து அப்பாவையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எழுதிய தாளை மறைத்துவிட்டு மூத்த மகன் தேவாரம் ஓத ஆள் கூட்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

*தண்ணீர்மலை வாசகி: அண்ணே, அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அக்கா மகன் கல்யாணம். ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா?*

முடியாது. கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். வடைச் சட்டி உங்களிடம்தான் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.