மனநோயும் குடியும் சேர்ந்து இருப்பவருக்கு ஆதரவு இல்லம் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தம்பிக்கு மனச்சிதைவு, கூடவே குடி. இரண்டு இல்லங்கள் திருப்பி அனுப்பிவிட்டன, மூன்றாவதை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் நான்கு வருடம் இரவுப் பணி பார்த்தவன் நான். கட்டிடம், தோட்டம், யோகா வகுப்பெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள்: "இவர் ஒருநாள் ராத்திரி குடித்துவிட்டு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?"

"வெளியே அனுப்பிவிடுவோம்" என்றால் நான்காவது இல்லமும் தேட வேண்டிவரும். "இங்கே அப்படி நடக்காது" என்றால் அவர்களுக்கு அனுபவம் போதாது. விஷயம் தெரிந்தவர்கள் கேட்பவருக்கு அலுக்கும் அளவுக்கு விவரம் சொல்வார்கள்: யார் பக்கத்தில் உட்காருவது, அன்றைய மாத்திரையைக் கொடுக்கலாமா என்று யாரைக் கேட்பது, எந்தக் கட்டத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது.

தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி நடுக்கம், குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் "வந்த அன்றே நிறுத்த வைத்துவிடுவோம்" என்று பெருமையடிக்கும் இடத்தைக் கண்டால் எனக்குப் பயம். சிகரெட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபைன் என்ற மாத்திரையைச் சாப்பிடுபவர் புகையைத் திடீரென விட்டால், அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகச் சேரும். தட்டிலேயே தலை சாய்ந்து தூங்கிய ஒருவரைச் சோம்பேறி என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தோம். அவர் சிகரெட்டை விட்டிருந்தார். மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

குடியை விட்டால்தான் அறை என்பதுதான் பழைய வழக்கம். சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-ல் நியூயார்க்கில் இதைத் தலைகீழாக்கி, முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று ஆரம்பித்தார். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், வீடில்லாமல் இருந்த மனநோயாளிகள் 2,000 பேருக்கும் மேல் சேர்த்து, இந்த முறையை வழக்கமான உதவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீடு நன்றாகவே நிலைத்தது. குடியும் போதையும் மட்டும் மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆகவே தம்பி அங்கே போனதும் குடியை விட்டுவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். நாளைக்கும் இதே அறையில்தான் இருப்பார் என்றால், மருந்தைப் பற்றி அவரிடம் நிதானமாகப் பேசவாவது முடியும்.

எங்களிடம் இருந்த ஒருவர் செருப்போடுதான் தூங்குவார். பை கட்டியே இருக்கும். ஒரு ராத்திரி குடித்துவிட்டு வந்தவர், நேரே அறைக்குப் போய் அந்தப் பையை எடுத்துக்கொண்டு, நாங்கள் சொல்லும் முன்பே கேட்டருகே போய் உட்கார்ந்துகொண்டார். அறைச் சாவியைக் கையில் கொடுத்து உள்ளே கூட்டிவந்தோம். பையை அவர் பிரிக்க அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆனது.

சரி, கடைசியாக ஒன்று. சேர்ப்பதற்கு முன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். பணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.