அக்குபங்சர் பதிவை வைத்து மூலிகை மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் அக்குபங்சர் பிரிவில் பதிவு பெற்று கிளினிக் நடத்துகிறேன். வருகிறவர்கள் உள்ளுக்குச் சாப்பிட மூலிகையும் கேட்கிறார்கள். இப்போதுள்ள பதிவு போதுமா? ஊரிலிருந்து அம்மா அனுப்பும் திரிபலா சூரணம், நிலவேம்புப் பொடியை அவர்களுக்குத் தரலாமா?

பதில்: இரண்டுக்குமே என் பதில், வேண்டாம் என்பதுதான்.

அக்குபங்சர் என்ற ஊசிச் சிகிச்சையும் அடங்கிய சீன மருத்துவத்துக்கு ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. அதற்கு முன்பே, 2000-இல் விக்டோரியா மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இந்தப் பதிவில் அக்குபங்சர், சீன மூலிகை மருத்துவம், சீன மூலிகை மருந்து வழங்குதல் என்று மூன்று பிரிவுகள். எந்தப் பிரிவில் பெயர் இருக்கிறதோ அந்தப் பட்டத்தை மட்டுமே போட்டுக்கொள்ளலாம். பெயர்ப்பலகையிலோ இணையப் பக்கத்திலோ ‘சீன மூலிகை மருத்துவர்’ என்று நீங்கள் எழுதினால் அது விதிமீறல், பதிவைக் கவனிக்கும் சீன மருத்துவ வாரியம் உங்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். பதிவே இல்லாதவர் இந்தப் பட்டங்களைப் போட்டுக்கொண்டால் அது குற்றம்; 60,000 டாலர் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்று 2019-இல் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

பட்டம் போடாமல் சும்மா கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பதிவு பெற்றவர் தான் படித்துத் தேறிய எல்லைக்குள் நின்றுதான் சிகிச்சை தர வேண்டும். அப்புறம், உங்கள் தொழில் காப்பீடு எதற்கெல்லாம் பொருந்தும் என்று எடுத்துப் பாருங்கள். அதில் மூலிகை இல்லையென்றால், ஒருவருக்கு ஒவ்வாமை வந்து வழக்கு என்று போனால் நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஸ்டெபானியா வேர் இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துவிட்டது. சீனத்தில் இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்று. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான், அதனால் இதைத் தூரத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த இனத்துக்கு ஆஸ்திரேலியாவில் தடை. எபெட்ரின் என்ற வேதிப்பொருள் உள்ள மா ஹுவாங் என்ற சீன மூலிகை போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. மூலிகைப் பிரிவில் பதிவு பெற்றவர்கூட அதை எழுதித் தர முடியாது. எந்த வேர் எதோடு மாறிப்போகும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் ஊசிப் படிப்பு மட்டும் சொல்லித் தராது.

அம்மா அனுப்பும் பொட்டலங்கள் சங்கதி வேறு. சொந்த உபயோகத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மருந்து உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் மட்டும்தான், அதுவும் ஒரு தடவைக்கு மூன்று மாத அளவுக்கு மிகாமல். நோயாளிக்கு விற்பதும் கூடாது, இலவசமாகக் கொடுப்பதும் கூடாது. சித்தாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் அங்கே பதிவு முறையே கிடையாது என்பதால், ‘பாரம்பரியச் சூரணம்’ என்ற பெயர் உங்களைக் காப்பாற்றாது. பாதரசமோ ஈயமோ கலந்த மருந்தாக இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது.

சரி, முறைப்படி மூலிகையும் கொடுக்க வேண்டும் என்றால்? அனுபவத்தைக் காட்டிப் பதிவு வாங்கும் சலுகை 2015-இல் முடிந்துவிட்டது. வாரியம் ஏற்ற மூலிகைப் படிப்பைப் படித்து, இரண்டாவது பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பழைய படிப்பிலேயே மூலிகைப் பாடம் இருந்திருந்தால், புதிதாகச் சேர்ந்து பணம் கட்டுவதற்கு முன் அந்த மதிப்பெண் பட்டியலோடு வாரியத்திடம் கேட்டுவிடுங்கள்.

பதிவு கிடைத்த பிறகும், நேரில் பார்த்துப் பேசிய ஒருவருக்காக, அவருக்கென்று கலந்து கொடுக்கும் மருந்துக்குத்தான் மருந்துத் தயாரிப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. மொத்தமாக அரைத்துப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தோ இணையத்திலோ விற்றால், அது மருந்துத் தயாரிப்பு ஆகிவிடும். அதற்கு ஆஸ்திரேலிய மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தனியாக வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் நோயாளி பெயர், தேதி, என்னென்ன மூலிகை, எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது, உங்கள் கிளினிக் தொலைபேசி எண் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் கையில் அந்த லேபிள் இருந்தால், அங்கே இருக்கும் டாக்டருக்கு என்ன சாப்பிட்டார் என்று உடனே தெரியும்.