மூட்டுக்கு எந்தப் படம்?

கே: வயது 54. மாடிப்படி இறங்கினால் முட்டி வலிக்கிறது. எக்ஸ்-ரே நார்மல் என்கிறார்கள். எம்ஆர்ஐ எடுக்கலாமா?

படுக்க வைத்து எடுத்தார்களா, நிற்க வைத்தா? எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்திருந்தால், தேய்ந்திருக்கிறது என்று நாங்கள் ஊகிக்கிறோம், அவ்வளவுதான். படுத்திருக்கையில் மூட்டில் எடை இறங்காததால் தேய்ந்த மூட்டும் ஒழுங்காகத் தெரியலாம். நின்றபடி ஒன்று, முட்டியைச் சற்று மடக்கி நின்றபடி ஒன்று எடுங்கள். படி இறங்கும்போது வலி என்பதால் எனக்குச் சந்தேகம் முழங்கால் சில்லின் மேல்தான். அதற்கு 'ஸ்கைலைன் வியூ' என்று தனிக் கோணம் உண்டு. சீட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கே: முட்டித் தேய்மானம் எக்ஸ்-ரேயில் கிரேடு 2. அடுத்த மாதமே எம்ஆர்ஐயில் கிரேடு 3. இவ்வளவு வேகமாகவா முற்றும்?

முற்றவில்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். எக்ஸ்-ரேக்கு வழக்கமாகப் போடுவது 1957-இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கிரேடு. அதில் 2 என்றால் எலும்பு விளிம்பில் முளைப்பு திட்டமாகத் தெரிகிறது. எம்ஆர்ஐயில் 3 என்றால் பெரும்பாலும், ஓரிடத்தில் குருத்தெலும்பின் கனம் பாதிக்கு மேல் போயிருக்கிறது.

கே: வயது 58. எம்ஆர்ஐயில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். உடனே துளை ஆபரேஷன் என்கிறார்கள்.

ஜவ்வு என்று இங்கே சொல்வது மெனிஸ்கஸை, அதாவது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பதை. கீழே விழுந்தீர்களா? முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போகிறதா? இரண்டும் இல்லையென்றால் அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 50 வயது தாண்டிய 991 பேரின் முட்டியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதம் முழுக்க முட்டியில் வலியோ இறுக்கமோ இல்லை. நரை மாதிரி, வயதோடு வருகிற கிழிசல் இது. வலி இதனால்தானா என்பதை முட்டியைத் தொட்டு, மடக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சில மாதம் தொடைத் தசைப் பயிற்சி செய்து பாருங்கள். ஒரு விலக்கு: ரிப்போர்ட்டில் 'ரூட் டேர்' (ஜவ்வு எலும்பில் ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதியில் கிழிசல்) என்று இருந்தால் தள்ளிப்போடாமல் மூட்டு நிபுணரிடம் காட்டுங்கள்.

கே: அல்ட்ராசவுண்ட் போதாதா?

நீர் கோத்திருப்பதும் முட்டிக்குப் பின்னால் நீர்க்கட்டி இருப்பதும் தெரியும். எடை தாங்கும் இடத்துக் குருத்தெலும்பு பெரும்பாலும் எலும்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

கே: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. எம்ஆர்ஐ முடியவே முடியாதா?

பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையை ஸ்கேன் சென்டரிலும் இதய மருத்துவரிடமும் காட்டுங்கள். எம்ஆர்ஐக்கு ஏற்ற மாடல்கள் இப்போது உண்டு. அதற்கென செட்டிங்கை மாற்றிவிட்டு எடுப்பார்கள். முடியாது என்றால் மூட்டுக்குள் சாய மருந்து செலுத்தி சிடி எடுக்கலாம். குருத்தெலும்பின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் அதில் நன்றாகவே தெரியும்.