சிறுவயதில் பட்ட துன்பத்துக்கும், வளர்ந்தபின் அடக்கமின்றி உண்பதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. என் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறேன்.

நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில், மரப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே அம்மா என்னையும் தங்கையையும் அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். தேநீருக்காக வைத்திருக்கும் டின்பாலை விரலால் தொட்டு நக்கியபடி, கூச்சல் ஓயும்வரை அந்த இருட்டில் உட்கார்ந்திருப்போம். நாற்பது வயதிலும், யாராவது என்னிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டால், அன்றிரவு வீட்டார் உறங்கியபின், பசியே இல்லாமல், விளக்கைப் போடாமல் நின்றபடி ஒரு டின் பாலையும் கரண்டியால் வழித்துத் தின்றுவிட்டு, காலி டின்னைக் குப்பைக்கு அடியில் மறைத்து வைப்பேன். இதைத் தீனிவெறி என்றே எண்ணிப் பல ஆண்டுகள் என்னை நானே வைதுகொண்டேன்.

1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உடல்பருமனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு அவர்களிடம் விசாரித்தபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அவர் நோயாகக் கருதிய பருமன், அவர்களில் சிலருக்குக் காப்பாக இருந்திருக்கிறது. அவரும் ராபர்ட் ஆண்டாவும் மற்றவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ பட்டவர்களிடம், எதுவும் படாதவர்களைவிட உடலுழைப்பின்மையும் கடும் பருமனும் 1.4 முதல் 1.6 மடங்கு மிகுந்திருந்தன. ஆகவே துன்பப்பட்ட எல்லோருக்கும் இது வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அச்சத்திலேயே வளரும் குழந்தைக்குப் பதற்றத்தைத் தணிக்கக் கைக்கெட்டுவது பெரும்பாலும் உணவுதான். இனிப்பும் கொழுப்பும் சற்று நேரம் ஆறுதல் தருவதால், மனம் அந்த வழியையே பழகிக்கொள்கிறது. 'உணவு அடிமைத்தனம்' என்பதை மருத்துவக் கையேடுகள் இன்னும் தனி நோயாக ஏற்கவில்லை என்றாலும், அடக்கமின்றி உண்ணும் கோளாறு 2013-இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றுவிட்டது.

நான் செய்த பெரிய தவறு, மறுநாள் பட்டினி கிடந்ததுதான். வெள்ளிக்கிழமை விரதம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். இரவில் அந்தப் பசியே இரு மடங்காகத் தின்ன வைக்கும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கிய பிறகே அந்த இரவுகள் குறைந்தன. மருத்துவரிடம் போனால் எடையை மட்டும் சொல்லாதீர்கள்; எந்த நாளில், எதற்குப் பிறகு கை உணவைத் தேடுகிறது என்பதையும் சொல்லுங்கள். நான் முதலில் தங்கையிடம்தான் சொன்னேன். அந்த டின்பாலின் ருசி அவளுக்கும் நினைவிருந்தது.