பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வையுங்கள், சோற்றைத் தட்டில் போடுங்கள்

கேள்வி: மகனுக்கு நாலரை வயது, பாலர் பள்ளியில் கே1 படிக்கிறான். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறான், இரண்டு வரி எழுதினால் கை வலி என்கிறான். படி இறங்கும்போது தடுமாறுகிறான். தினமும் பயிற்சிப் புத்தகத்தில் எழுத வைக்கிறேன், ஒரே அழுகை. பணிப்பெண்தான் ஊட்டி, உடுத்திவிடுகிறார். அவனே செய்தால் நேரமாகிறது. தனி வகுப்பில் சேர்க்கலாமா? - ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வகுப்பு இருக்கட்டும், முதலில் அந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். மூன்று விரலால் பென்சில் பிடிப்பது பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் நிலைக்கிறது. பார்த்து வரைவதிலும் மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்து வாக்கில் சதுரம் என்பதுதான் ஏறக்குறைய வரிசை. சதுரமே வராத கையிடம் 'அ' எழுது என்றால் அது அழத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, பணிப்பெண் ஊட்டி உடுத்திவிடுகிறார் என்ற வரிதான். குறை சொல்லவில்லை, பள்ளிப் பேருந்து கீழே வந்து நிற்கிறபோது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், என் வீட்டிலும் நடந்தது. ஆனால் பென்சில் பிடிக்க வேண்டிய அதே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான் ரசம் சாதத்தைச் சேர்த்தள்ளி வாய்க்குக் கொண்டுபோகின்றன. ஊட்டிவிடும்போது அந்த மூன்று விரலுக்கும் வேலையே இல்லை. இரவுச் சாப்பாட்டை மட்டுமாவது அவன் கையாலேயே சாப்பிடட்டும், தரையெல்லாம் சிந்தும், பரவாயில்லை, பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள்.

சட்டைப் பொத்தானுக்கு ஒரு வழி சொல்கிறேன். சட்டையை அவன் மடியில் விரித்துப் போட்டு, பொத்தானைப் பாதி துளைக்குள் நீங்களே நுழைத்து விடுங்கள், மறுபக்கம் பிடித்து இழுப்பது மட்டும் அவன் வேலை. அது கைவந்ததும் நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள், அப்புறம் உடம்பில் போட்டுக்கொண்டு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், பள்ளி நாள் காலையில் வேண்டாம்.

சப்பாத்தி போடும் அன்று ஓர் உருண்டை மாவை அவனிடம் தள்ளிவிடுங்கள், பிசையட்டும், உருட்டட்டும், கிள்ளட்டும். துணி காயப்போடும்போது கிளிப் மாட்டச் சொல்லலாம், அழுத்தித் திறக்க நல்ல பலம் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் மடக்கு ஸ்டாண்டில் மட்டும், சன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழி பக்கமே அவன் போகக் கூடாது. வரைய ஆசைப்பட்டால் கட்டைவிரல் நீளத்துக்கு உடைத்த கிரேயான் கொடுங்கள், அவ்வளவு சின்னதை முஷ்டியால் பிடிக்கவே முடியாது. தாளைச் சுவரில் ஒட்டினால் மணிக்கட்டும் தானாக நிமிரும். ஐந்து கல் விளையாட இன்னும் வயதாகவில்லை, இப்போதைக்கு ஒற்றைக் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் போதும். மணி, பயறு மாதிரிச் சின்னப் பொருள்கள் வேண்டாம், முக்கியமாக வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு பிள்ளை இருந்தால்.

கை வலிக்கிறது என்கிறானே, அதற்கு விரல் மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோளும் இடுப்பும் உறுதியாக இல்லாவிட்டாலும் விரல் சீக்கிரம் களைத்துவிடும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விளையாட்டிடத்தில் தொங்கட்டும், ஏறட்டும். பாண்டிக் கட்டம் போட்டு நொண்டி அடிக்கட்டும், படியில் தடுமாறுவதற்கும் அதுவே நல்ல பயிற்சி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடம் ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மழை நாளில் கீழ்த்தளமே போதும்.

ஆனால் முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஏறினாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாகத் தெரிந்தாலோ, அடிக்கடி விழுந்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள். இது எதுவும் இல்லையென்றால் இரண்டு, மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள், மாற்றம் தெரியாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். தேவைப்பட்டால் கேகே மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது அவனுடைய சுகாதாரப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள், கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். படி சரியாகத் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு.