மகாவிஷ்ணுவும் வெதர் ரிப்போர்ட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷன் பற்றிய கட்டுரையில் வெதர் ரிப்போர்ட் குழுவை முதலிடத்தில் வைத்திருந்தீர்கள். இதை வைத்து நண்பர்களுக்குள் ஒரு வாரமாகச் சண்டை. என் ஓட்டு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்கு. ஜான் மெக்லாஃப்லினின் கிதாரையும் பில்லி கோபமின் டிரம்ஸையும் கேட்டபின் வெதர் ரிப்போர்ட் எனக்கு ஹோட்டல் வரவேற்பறை இசை போலத்தான் இருக்கிறது. இன்னொருவர் ரிடர்ன் டு ஃபாரெவர் குழுதான் என்கிறார்.

ரா., கோவை

அன்புள்ள ரா.,

இது பங்காளிச் சண்டை. 1969 ஆகஸ்டில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது மெக்லாஃப்லின், ஜோ ஜாவினுல், வெய்ன் ஷார்ட்டர், சிக் கொரியா எல்லாருமே அங்கே இருந்தவர்கள். அப்புறம்தான் தனிக்குடித்தனம்: மெக்லாஃப்லினுக்கு மகாவிஷ்ணு, ஜாவினுலுக்கும் ஷார்ட்டருக்கும் வெதர் ரிப்போர்ட், கொரியாவுக்கு ரிடர்ன் டு ஃபாரெவர்.

ஹோட்டல் இசை என்று நீங்கள் சொல்வது அநேகமாக வெதர் ரிப்போர்ட்டின் ‘பேர்ட்லேண்ட்’ பாட்டை வைத்துத்தான். 1977இல் வந்தது. ஹெட்ஃபோனில் முதல் நிமிடத்தை மட்டும் கேளுங்கள். அடியில் ஓடுவது ஜாவினுலின் சிந்தசைசர். அதன் மேல் சன்னமாக ஒரு ட்யூன் வருகிறதே, அதைக் கிதார் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அந்தக் குழுவில் கிதார்க்காரரே இல்லை. அது ஜாகோ பாஸ்டோரியஸின் பேஸ். இடக்கையால் தந்தியை அழுத்தி, வலக்கைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டபடி இன்னொரு விரலால் மீட்டுகிறார். அடியில் உறும வேண்டிய வாத்தியம் மேலே ஏறிப் பாடுகிறது.

மகாவிஷ்ணு எனக்குப் பிடிக்காது என்றில்லை. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தலைப்புப் பாட்டின் 18 எண்ணிக்கைச் சுழற்சியைத் தொடையில் தட்டித் தட்டிப் பிடித்த அன்று நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆனால் நாலு பாட்டுக்கு மேல் காது களைத்துவிடுகிறது. கிதாரும் வயலினும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கின்றன. கச்சேரி முழுக்கத் தனி ஆவர்த்தனமே நடந்தால் எப்படி? அந்த முதல் அணி 1973 முடிவிலேயே கலைந்துவிட்டது.

பிறகு மெக்லாஃப்லினே மின்கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேனோடு ‘சக்தி’ குழுவில் உட்கார்ந்தார். வேகம் அதேதான். ஆனால் கடம் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். என் பட்டியலில் மகாவிஷ்ணுவுக்கு முன்னால் சக்திதான். இதற்கும் சண்டைக்கு வாருங்கள்.

உங்கள் நண்பரிடம் எந்த ரிடர்ன் டு ஃபாரெவர் என்று கேட்டுச் சொல்லுங்கள். 1976இன் ‘ரொமாண்டிக் வாரியர்’ ஆல்பத்து அணி என்றால் நான் வரவில்லை. ஃப்ளோரா புரிம் பாடிய, ‘ஸ்பெயின்’ இருக்கிற பழைய அணி என்றால் பாதி ஓட்டு தரலாம்.

நீங்கள் ‘பேர்ட்லேண்ட்’டோடு நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே ஆல்பத்தின் அடுத்த பாட்டு ‘எ ரிமார்க் யூ மேட்’. நிதானமான பாட்டு. ஜாகோவின் பேஸில் ஃப்ரெட், அதாவது கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகள், கிடையாது. அதனால் அந்த இழுப்புகள் கிட்டத்தட்ட கமகம் மாதிரி விழும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் ஹோட்டல்தான் ஞாபகம் வந்தால் மறுபடி எழுதுங்கள்.