மழைக்காலச் சளியும் மடியில் இருக்கும் குழந்தையும்

குழந்தை பிறந்து 25 நாள் ஆகிறது. 30-ஆம் நாள் பேர் வைக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் தூக்கிக் கொஞ்சுவார்கள். எப்படித் தடுப்பது, டாக்டர்? (திருப்பாதிரிப்புலியூர்)

பேர் வையுங்கள், கூட்டத்தை மட்டும் குறையுங்கள். ஐப்பசி அடைமழையில் ஜன்னலைச் சாத்திய கூடத்தில் ஒருவர் இருமினாலே போதும். ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் மூக்கொழுகல். கைக்குழந்தைக்கோ நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். இந்த வைரஸ் தொட்டில் கம்பியிலும் செல்போனிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வாசலிலேயே சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள். மூக்கொழுகும் யூ.கே.ஜி. வாண்டு தொட்டில் பக்கமே வரக்கூடாது. யாராவது முகம் சுளித்தால் "டாக்டர் திட்டுறாங்க" என்று பழியை என்மேல் போடுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

எனக்கே சளி, காய்ச்சல். தாய்ப்பால் கொடுக்கலாமா? (லாஸ்பேட்டை)

தாராளமாக. கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுங்கள். உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தியும் பாலோடு சேர்ந்து போகும்.

பேரனைக் குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டு, சாம்பிராணி காட்டுகிறேன். மருமகள் சண்டைக்கு வருகிறாள். (நெல்லிக்குப்பம்)

மருமகள் பக்கம்தான் நியாயம், அம்மா. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புகை மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும். கற்பூரத் தைலமும் வேண்டாம், 1 வயது வரை தேனும் வேண்டாம். மூக்கடைத்தால் பால் கொடுப்பதற்கு முன் சலைன் (உப்புநீர்) சொட்டு மூக்கில் விடுங்கள்.

3 மாதக் குழந்தை. நெஞ்சில் கர்கர் என்று சத்தம். இருமல் சிரப் கொடுக்கட்டுமா? (பண்ருட்டி)

கூடாது. 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே தரக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. கர்கர் சத்தம் பெரும்பாலும் மூக்குச் சளிதான். சத்தத்தை விடுங்கள், மூச்சைப் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமூச்சு. 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த அளவு 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்கிப் பாலை விட்டுவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நள்ளிரவானாலும் சரி, கொட்டுகிற மழையானாலும் சரி.

இதற்கெல்லாம் தடுப்பூசி உண்டா? (வில்லியனூர்)

ஃப்ளூவுக்கு உண்டு. 6 மாதம் முடிந்ததும் 4 வார இடைவெளியில் 2 ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. 6 மாதத்துக்கு முன் போட முடியாது. கர்ப்பத்தின்போது அம்மா போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் கிடைக்கும். உங்கள் மனைவி இப்போது கர்ப்பமாக இருந்தால் அடுத்த செக்கப்பிலேயே கேளுங்கள்.